துவக்கின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

அன்புள்ள கஜன்,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரியைத் திறந்து, கறுப்புத் துணியில் சுற்றி வைத்திருந்த துவக்கை வெளியே எடுத்து, அதன் லீவரைக் கீழே இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்பதைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்ததுதான். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். அந்தத் துவக்குக்குப் பொருந்தும் தோட்டாவை எந்தத் தொழிற்சாலையும் இப்போது செய்வதில்லை. நேற்றும் அதற்குள் ஒன்றும் இருக்கவில்லை, நான் அதை வாங்கிய நாளிலும் இருக்கவில்லை. ஆனாலும் துவக்கு எதையும் கையில் எடுத்தால், அழகைப் பார்ப்பதற்கு முதல், வயதைப் பார்ப்பதற்கு முதல், வெறுமையா என்று பார்க்க வேண்டும். என் தொழிலில் இது பல் துலக்குவது மாதிரி. லீவர் திரும்பி ஏறிய சத்தம் மேலே படுத்திருந்த உன் அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. "என்ன, பென்சனியர் எழும்பிட்டாரோ?" என்று துவக்கின் சுகம் விசாரித்துக் குரல் வந்தது. "ஓம். நீங்கள் படுங்கோ, உங்களுக்கு இண்டைக்குப் பின்னேர ஷிப்ட்," என்றேன். "அவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் பெட்டிகள். பாதி உன்னுடையவை, நீயும் காவ்யாவும் விம்பிள்டனில் எடுத்திருக்கும் பிளாட்டுக்குப் போகிறவை. மீதி எங்களுடையவை; நீ போனதும் அப்பாவும் நானும் இந்த செவன் கிங்ஸ் வீட்டை விட்டுச் சின்னதாக ஒரு பிளாட்டுக்கு மாறப் போகிறோம். இதற்குள் உட்கார்ந்து ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். போன நவராத்திரி முடிந்த விசயதசமிக் காலையில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, ஏன் நீங்கள் துடைக்கேல்லை?" நான் "பிறகு சொல்லுறன்" என்றேன். நீ அதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. கோயில் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள்; நீ வாசித்த பிறகு இதையே கொடுக்கலாம் என்று இருக்கிறேன். இவ்வளவு காலமும் என் வேலையைப் பற்றி எங்கள் ஆக்களிடம் வாய் திறக்காதவள், திறந்தால் ஒரேயடியாகத் திறக்கட்டும். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும், தெரியும். மெதுவாக வாசி. விளங்காத சொல்லுக்கு அப்பாவிடம் மட்டும் போகாதே. அவர் விளங்கப்படுத்தத் தொடங்கினால் நீ தாலி கட்டப் பிந்திவிடுவாய்.

மலரை வாசிக்கிறவர்களுக்காக என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஒரு சிறிய ஏல நிறுவனத்தில், விற்பனைக்கு வரும் பழைய துவக்குகளைப் பார்த்து, அவை எந்தக் காலத்தவை, எவ்வளவு அசல், எந்த இடத்தில் பிறகு கைவைத்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டு, விற்பனைப் புத்தகத்துக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. அதிலும் லீவர் துவக்குகள் என் பங்கு. குதிரையில் போகிற அமெரிக்கர் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்: விசைக்குக் கீழே ஓர் இரும்பு வளையம், அதை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா தானாக ஏறும். வரலாறு படித்துவிட்டு வேலை தேடித் திரிந்த காலத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை என்று சொல்லித்தான் போனேன். பீங்கான் பகுதியில் ஆள் இருந்தது, மணிக்கூட்டுப் பகுதியில் ஆள் இருந்தது, துவக்குப் பகுதியில் பீற்றர் ஒருவர் மட்டும் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எனக்குத் துவக்கு பிடிக்காது என்று அவரிடம் சொன்னேன். "நல்லது. பிடித்தவர்கள் சரியாகப் பார்ப்பதில்லை," என்றார். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

கோயிலில் கேட்கிறவர்களுக்கு, "பழைய சாமான் ஏலத்தில விக்கிற இடத்தில வேலை" என்பேன். அவர்கள் தளபாடம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு அக்கா, "தங்கச்சி, எங்கட வீட்டில நல்ல தேக்கு அலுமாரி ஒண்டு கிடக்கு, வந்து பார்த்துச் சொல்லுறியளோ?" என்று வற்புறுத்தி அழைத்துப் போனா. அது தேக்கு இல்லை என்று உண்மையைச் சொன்னேன். இன்றுவரை கோயிலில் என்னைக் கண்டால் மற்ற வாசலால் போகிறா. நீயும் சளைத்தவனா என்ன? பள்ளிக்கூடத்தில் உன் ஆசிரியை என்னைக் கண்டதும், "பழைய பீங்கான் தட்டுகளைப் பற்றி ஒரு நாள் வந்து பேச முடியுமா?" என்று கேட்டபோதுதான், என் தொழில் தட்டு என்று நீ சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரிந்தது. நான் கோபிக்கவில்லை என்பதை இப்போது சொல்கிறேன். நாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று உனக்குத் தெரியும். சண்டை நடந்த ஊரிலிருந்து அப்பா எப்படி வந்து சேர்ந்தார் என்பதும் தெரியும். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் துவக்கு என்ற சொல்லை யாரும் சும்மா கேட்டுவிட்டுப் போக மாட்டார்கள். ஒரு நிமிடம் நின்று எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான் நானும் தளபாடம் என்றேன், நீயும் தட்டு என்றாய்.

இந்தத் துவக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். நோர்போக் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மண்வெட்டிகளோடும் கிழிந்த குதிரைச் சேணங்களோடும் சேர்த்து ஒரு மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். மங்கிப் பழுத்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்தது. நான் கையில் எடுத்து முதலில் வெறுமை பார்த்தேன். பிறகு திருகாணித் தலைகளைப் பார்த்தேன். கழற்றிப் பூட்டிய துவக்கு என்றால் திருகாணியின் வெட்டு சிதைந்திருக்கும். இதில் வெட்டுகள் கூராக இருந்தன. இரும்பில் பொறித்த எழுத்துகளின் ஓரத்தை நகத்தால் தடவினேன். மினுக்கியிருந்தால் ஓரம் உருண்டிருக்கும், இது நகத்தைப் பிடித்தது. மரம் இரும்போடு சேரும் இடத்தில் மரம் ஒரு மயிரிழை உயர்ந்து நின்றது. யாராவது தேய்த்து வார்னிஷ் அடித்திருந்தால் அந்த உயரம் போயிருக்கும். நூறு வருடத்துக்கு மேலாக ஒருவரும் அதை அழகாக்க முயலவில்லை. நடுவில் உள்ள இரும்புப் பெட்டி போன்ற பகுதியை நாங்கள் பிரேம் என்போம். அதன் அடியில் மட்டும் ஓர் இடம் வெள்ளியாக வெளுத்திருந்தது. அந்த இடத்தில் கை வைத்துத் தூக்கினால் துவக்கு முன்னும் பின்னும் சரியாமல் நிற்கும். யாரோ ஒருவர் தன் வாழ்நாள் முழுவதும் அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். என் உள்ளங்கையும் தானாக அங்கேயே போய் உட்கார்ந்தது. எங்களிடம் வரும் துவக்குகளுக்குக் குறிப்பு எழுதி அனுப்புவதோடு சரி. சொந்தமாக வாங்க நினைத்தது இந்த ஒன்றைத்தான்.

திரைச்சீலைக் கம்பி மாதிரிச் சுற்றி ரயிலில் கொண்டுவந்தேன். கதவைத் திறந்த அப்பாவுக்கு என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. அவர் அந்த அளவையும் நீளத்தையும் மறக்கக் கூடியவர் இல்லை. "அது உள்ள வந்தால் நான் வெளிய," என்றார். குளிரில் வாசலிலேயே நின்று விளங்கப்படுத்தினேன். இந்த நாட்டில், தோட்டா வழக்கொழிந்துபோன இந்த வகைப் பழைய துவக்கைப் பழம்பொருளாக மட்டும் வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் சுட வேண்டும் என்று வைத்திருந்தால் அதே துவக்கு பழம்பொருள் இல்லை. நாங்கள் எதற்காக வைத்திருக்கிறோம் என்பதையும் சட்டம் கேட்கிறது என்றேன். அப்பா கன நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இதுக்குக் குண்டே இல்லையோ?" "இல்லை." "ஒருத்தரும் செய்யிறேல்லையோ?" "இல்லை." "அப்ப இது பென்சன் எடுத்த துவக்கு," என்று சொல்லிவிட்டு வழி விட்டார். அன்றிலிருந்து அது பென்சனியர். ஆனால் ஒரு நாளும் அவர் அதைத் தொட்டதில்லை. அதைச் சுவரில் மாட்டும்படி நானும் கேட்டதில்லை. படிக்குக் கீழே, தூசு உறிஞ்சும் ஹூவருக்குப் பக்கத்தில் இருந்தது. ஓய்வாக இருக்கும் நாளில் எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, திரும்ப வைப்பேன். இரும்பில் விரல் வைத்தால் வியர்வை உப்பு பிடித்துவிடும் என்று உன்னை எத்தனை தரம் ஏசியிருப்பேன். "அம்மா, கை கழுவிட்டன்," என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவாய்.

இனி அந்த நவமிப் பின்னேரம். காவ்யாவின் அப்பாவும் அம்மாவும் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர் மயக்கமருந்து டாக்டர், அவ வங்கியில் வேலை, கோயம்புத்தூர்க்காரர்கள். மகளை ஒரு பஸ் சாரதியின் வீட்டுக்குக் கொடுப்பதில் அவர்களுக்குத் தயக்கம் இருந்தது என்று காவ்யாவே உன்னிடம் சொல்லியிருந்தாள். நான் காலையிலிருந்து வீடு துடைத்தேன், வடை சுட்டேன், துவக்கைக் கறுப்புத் துணியின் மேல் இன்னொரு போர்வையையும் போட்டு மூடி, முன்னால் ஹூவரை நிறுத்தினேன். நீ படியில் நின்று பார்த்தாய். "எதுக்கு அம்மா?" என்றாய். "பார்த்தால் என்ன நினைப்பினம்?" என்றேன்.

அவர்கள் வந்தார்கள். கும்பத்துக்கு முன்னால் புத்தகங்கள், உன் மடிக்கணினி, அப்பாவின் சாரதி அட்டை, என் பேனா, நான் பார்க்கிற பூதக்கண்ணாடி எல்லாம் வைத்திருந்தோம். காவ்யாவின் அம்மா விழுந்து கும்பிட்டு எழும்பிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தா. "இது அண்ணனோடதா? சரி. இது மாப்பிள்ளையோடது. உங்களோடது எங்கங்க, சம்பந்தி?" "என்ர பேனா இருக்கு," என்றேன். "பேனாவா? மாப்பிள்ளை வேற என்னமோ சொன்னாரே," என்று உன்னைத் திரும்பிப் பார்த்தா. நீ எழும்பினாய். ஹூவர் உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. நீ துவக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாய். வாசலில் நின்று லீவரை இழுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தாய். அதை நீ எப்போது பழகினாய் என்று எனக்குத் தெரியாது. பிறகு கும்பத்துக்கு முன்னால் வைத்து, "இது எங்கட அம்மாட ஆயுதம். லண்டனில இதைப் பார்த்துச் சொல்ல அம்மாவைப் போலக் கன பேர் இல்லை," என்றாய்.

நான் பயந்த அந்த நிமிடம் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டார். "இதுக்கு லைசென்ஸ்...?" என்று இழுத்தார். அப்பா கதிரையில் உட்கார்ந்தபடியே, "அது பென்சன் எடுத்திட்டுது, அண்ணை. என்னைவிட முதல் எடுத்திட்டுது. எனக்குத்தான் கவுன்சிலுக்கு வீட்டு வரி கட்டி முடியேல்லை," என்றார். முதலில் காவ்யா சிரித்தாள், பிறகு டாக்டர். காவ்யாவின் அம்மா சிரிக்கவில்லை. துவக்குக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தா. "எங்கப்பா லேத் பட்டறை வச்சிருந்தாருங்க," என்றா. "ஆயுத பூஜை அன்னிக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். இரும்புக்குப் பொட்டு வைக்கிறதுன்னா நான்தான் வைக்கணும்னு அப்பா சொல்லுவாரு. வைக்கட்டுங்களா?" நான் தலையாட்டினேனா என்று நினைவில்லை. சந்தனத்தைக் குழைத்து, பிரேமின் இடப் பக்கத்தில், நடுவில், நல்ல பெரிதாக ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தா. "உங்களுக்குச் சோறு போடுற பொருள். நாளைக்குக் காலையில பூஜை முடிஞ்சதும் எடுங்க. அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டா.

உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கு விளங்கிவிட்டது. ஈரச் சந்தனமும் சுண்ணாம்பு கலந்த குங்குமமும் விடியும்வரை இரும்பில் இருந்தால் என்ன ஆகும் என்று என் பிள்ளைக்குத் தெரியாதா? அவர்கள் போன பிறகு நான் துணியை எடுத்துக்கொண்டு கும்பத்துக்கு முன்னால் போனேன். அந்தத் துவக்கின் பெருமை முழுவதும் அதன் மேனியில் இருந்தது. இத்தனை காலம் யாரும் கைவைக்காத பழுப்பு. உடனே துடைத்தால் காப்பாற்றலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை, மறுநாள் படம் எடுத்து அனுப்பும்படி அவ கேட்கவும் இல்லை. பக்கத்தில் நீ நின்றாய், அப்பா குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

விசயதசமிப் பூசை முடிந்து எடுத்தபோது பொட்டு காய்ந்து உதிர்ந்தது. அதன் கீழே ஒரு பெனி நாணயம் அளவுக்குப் பழுப்பு கழன்று, சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது. சுற்றிவரப் புதுத் துரு மெல்லிய வளையமாக. எண்ணெய் தடவினேன். வளையம் மங்கியது, வட்டம் போகவில்லை. அப்போதுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

காவ்யாவின் அம்மா மனம் நோகக் கூடாது என்று விட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பாதிதான். அவவுக்குத்தான் தெரிந்திருக்காதே. இத்தனை வருடம் இந்த வேலை செய்கிறேன். எங்கள் ஆக்களில் ஒருவர் அதைக் குனிந்து பார்த்து, இது உனக்குச் சோறு போடுகிறது, இதைக் கும்பிட வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு முதல் நீ அதை இரண்டு கையால் ஏந்தி வந்தாய், நான் ஒளித்து வைத்ததை. அந்தப் பொட்டைத் துடைத்தால் அந்த இரண்டையும் சேர்த்துத் துடைப்பது போல எனக்கு இருந்தது. இரும்பா அதுவா என்று கேட்டால், அந்த நேரம் எனக்கு இரும்பு பெரிதாகப் படவில்லை.

ஆனால் விசயம் அதோடு முடியவில்லை. சின்ன பிளாட்டுக்கு மாறுகிறோம், பென்சனியருக்கு அங்கே இடமில்லை என்று, இந்த வசந்தகால விற்பனையில் துவக்கை விடுவதாக ஆவணியிலேயே பீற்றரிடம் சொல்லியிருந்தேன். அவர் கன காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தின் முன் அட்டைக்கு அதைத்தான் போடப் போவதாக இருந்தார். தைப்பொங்கல் முடிந்த கிழமை கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வெறுமை பார்த்தார், திருகாணி பார்த்தார், திருப்பினார், நிறுத்தினார். "இது என்ன?" சொன்னேன். சந்தனம், குங்குமம், நவமி, சம்பந்தி, எல்லாம் சொன்னேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார். "மெல்லிய இரும்புப் பஞ்சால் சுற்றிவர இரண்டு தேய், கொஞ்சம் பழுப்பேற்றும் மருந்து தடவு, பழுப்போடு கலந்துவிடும். நீதானே குறிப்பு எழுதுகிறாய். 'இலேசாகச் சுத்தம் செய்யப்பட்டது' என்று போட்டால் பொய்யும் இல்லை," என்றார். அவர் கெட்டவர் இல்லை, கஜன். எனக்கு உதவி செய்ய நினைத்தார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, இரும்புப் பஞ்சைக் கையில் எடுத்து, அந்த வட்டத்துக்கு மேலே பிடித்தும் பார்த்தேன். என்னிடம் வருகிற துவக்குகளில் நான் ஆக வெறுப்பது இதைத்தான். அடிபட்டதை மன்னிப்பேன், துருப்பிடித்ததை மன்னிப்பேன். ஒன்றும் நடக்காத மாதிரி ஆக்கி வைத்ததைப் பார்த்தால் கீழே வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். பஞ்சை உறைக்குள் போட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை காவ்யாவின் அம்மா கூறைச் சேலை பார்க்க வந்தா. நீங்கள் இரண்டு பேரும் மண்டபக்காரரிடம் போயிருந்தீர்கள். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கோப்பி குடித்தோம். எங்கள் கோப்பி அவவுக்குத் தண்ணீர் மாதிரி என்று தெரியும், பாவம், ஒன்றும் சொல்லாமல் குடித்தா. பட்டறை இப்போது யாரிடம் என்று சும்மா கேட்டேன். "தம்பி பாக்குறான். பழைய லேத் ஒண்ணு இன்னும் ஓடுதுங்க," என்றா. "அதுல ஒரு வேடிக்கை. வருஷா வருஷம் ஒரே எடத்துல பொட்டு வச்சு வச்சு அந்த எடம் மட்டும் வெள்ளையா வட்டமா ஆயிருச்சு. மெஷினுக்குப் புதுசாப் பெயின்ட் அடிக்கிறப்பகூட அந்த வட்டத்தை விட்டுட்டு அடிங்கடான்னு அப்பா சொல்லுவாரு. என் கை வச்ச எடமாம்." சொல்லிவிட்டுச் சேலையின் கரையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினா. தன் கை எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வட்டத்தைத் தொடங்கி வைத்திருப்பது அவவுக்குத் தெரியாது. நான் படிக்குக் கீழே இருந்த கதவைப் பார்த்தேன். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, பிரேமின் அடியில் வெளுத்துப்போன அந்த மற்ற இடம், என் உள்ளங்கை போய் உட்காருகிற இடம். அதை நான் ஒருநாளும் சேதம் என்று எழுத மாட்டேன். அதைப் பார்த்துத்தானே அந்தத் துவக்கை வாங்கினேன்.

கல்யாணம் செய்கிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். நீயும் காவ்யாவும் ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் மேல் ஒருவர் படத்தான் போகிறீர்கள். அவள் நல்லது என்று நினைத்துச் செய்கிற ஏதோ ஒன்று உன்னில் ஒரு பொட்டு அளவுக்கு எதையாவது எடுத்துவிடும். நீயும் அப்படித்தான் செய்வாய். அந்த நேரம் அந்த இடத்தைத் தேய்த்து மறைக்க ஓடாதே. கொஞ்சம் எண்ணெய் போட்டு, விட்டுப் பார். அது ஒரு தரம் நடந்து முடிகிற காயமா, அல்லது திரும்பத் திரும்ப ஒரு கை வந்து தங்கப் போகிற இடமா என்று காலம் போனால்தான் தெரியும். அப்பா அந்தத் துவக்கை இருபத்தைந்து வருடமாகத் தொடவில்லை. ஆனால் நான் அதை எடுக்கிற ஒவ்வொரு காலையும் அதன் சுகம் விசாரிக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் அதுவே போதுமாக இருந்திருக்கிறது. இன்னொன்று, கையில் எடுப்பது எதுவானாலும், கோபமானாலும், முதலில் உள்ளே ஒன்றும் இல்லை என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டு எடு. அது உனக்கு ஏற்கெனவே பழக்கம் என்று நவமி அன்று கண்டேன்.

இன்று பின்னேரத்துக்குள் பீற்றருக்கு நான் குறிப்பு அனுப்ப வேண்டும். காலையில் துவக்கை மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, நான்கு வரி எழுதினேன். குழல், மரம், எழுத்துகள், திருகாணிகள், எல்லாம் இலகுவாக வந்தன. இடப் பக்கத்து வட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எங்கள் தொழிலில் அதற்குச் சொற்கள் இருக்கின்றன: கறை, தேய்வு, மேனி இழப்பு. ஒவ்வொன்றாக எழுதி ஒவ்வொன்றாக வெட்டினேன். பிறகு தாளை மடித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டேன்.

துவக்கை நான் விற்கப் போவதில்லை. பீற்றருக்கு இன்னும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் சொல்லவில்லை, அவர் இப்போதுதான் எழும்பி, சவரம் செய்துகொண்டு பாட்டு முணுமுணுக்கிறார். உனக்கும் அதைத் தரப் போவதில்லை, வீணாக எதிர்பார்க்காதே. புது பிளாட்டில் ஹூவருக்குப் பக்கத்தில் இல்லாமல், வருகிறவர்கள் கண்ணில் படுகிற சுவரில் அது இருக்கும். வருகிற நவமிக்கு யாரும் கேட்பதற்கு முன்னால் நானே அதை ஏந்திக் கொண்டுவந்து கும்பத்துக்கு முன்னால் வைப்பேன். காவ்யாவின் அம்மாவைக் கூப்பிட்டு, அந்த வட்டத்தைக் காட்டி, அதே இடத்தில் பொட்டு வைக்கச் சொல்வேன்.

அம்மா